பன்னிரண்டு கணு, ஏழு வளையம்

அக்டோபர் 6, 1958. திங்கள்

காலையிலிருந்து மழை. பூச்சிப் பிரிவு அலமாரிகளின் கால்களுக்கு அடியில் இருக்கும் பதினாறு கிண்ணங்களுக்கும் நானே தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் இருந்தால்தான் எறும்பு ஏறாது. செத்த பூச்சிகளை உயிருள்ள பூச்சிகள் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தப் பென்ரோஸ் நினைவு மியூசியத்தில் பத்தொன்பது வருடமாக என் உத்தியோகம். ஆராய்ச்சி, கட்டுரை எல்லாம் அதற்கு அப்புறம்.

முனிரத்தினம் அந்துருண்டைப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார். "நீங்க ஏம்மா ஊத்தினுகீறீங்க? நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்று கேட்டார். பதிவேட்டில் அவர் அட்டெண்டர். உண்மையில் இந்தப் பிரிவில் இருக்கும் குளவிகளில் பாதி அவர் வலையில் விழுந்தவை. ஐம்பத்திரண்டு வயதிலும் ஓணான் நாக்கை நீட்டும் வேகத்தில் வலையை வீசுவார்.

தபாலில் ஸ்வீடனிலிருந்து ஒரு கடிதம். டாக்டர் ஹால்ஸ்ட்ரோம் என்று ஒருவர். இந்தப் பக்கத்துக் குளவிகளையெல்லாம் சேர்த்துப் பெரிய புத்தகம் போடுகிறாராம். என் குளவியும் அதில் வருகிறது. ஒரு சின்னக் கேள்வி கேட்டிருக்கிறார். நாளைக்குப் பதில் எழுதிவிடலாம்.

மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தேன். தைல டப்பாவைத் தவிர எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்து வைத்தேன்.

அக்டோபர் 7

பதில் எழுதவில்லை. லேபிள் வெட்டினேன். இருநூற்று நாற்பது. இவ்வளவு லேபிள் இந்த வருடத்துக்கே தேவைப்படாது.

வெட்டும்போது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் முதல் நாள் சொல்லும் விதி ஞாபகம் வந்தது. பூச்சிக்கு அடியில் ஊசியில் குத்தியிருக்கும் பழைய லேபிளை, அது தப்பே ஆனாலும், கழற்றக் கூடாது. கிழிக்கக் கூடாது, திருத்தக் கூடாது. சரியானதை இன்னொரு சீட்டில் எழுதி அதற்குக் கீழே குத்த வேண்டும். இதை எத்தனை பேருக்கு எவ்வளவு மிடுக்காகச் சொல்லியிருக்கிறேன்!

அக்டோபர் 9

சரி, எழுதிவைக்கிறேன்.

1946இல் ஏலகிரியில் முனிரத்தினம் பிடித்த ஒரு குளவிக்கு நான் பெயர் வைத்தேன். அதுவரை யாரும் பெயர் வைக்காத குளவி. மஞ்சள் முகம், கறுத்த வயிறு. எந்த ஒரு பூச்சியைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் வைத்தோமோ, அதன் ஊசியில் சிவப்பு லேபிள் குத்துவோம். இனி உலகத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த ஒன்றோடுதான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்த மியூசியத்தில் ஒரு பெண் கையால் குத்திய முதல் சிவப்பு லேபிள் அது. அப்போதிருந்த வெள்ளைக்கார டைரக்டர், "பெண்களுக்குக் கையெழுத்து அழகாக இருக்கிறது, லேபிள் எழுதட்டும்" என்று சொல்லித்தான் என்னை வேலைக்கு எடுத்தார். ஏழு வருடம் மற்றவர்களுடைய பூச்சிகளுக்கு லேபிள் எழுதிய பிறகு எனக்கென்று கிடைத்தது இந்த ஒன்று.

குளவிக்கு முனிரத்தினத்தின் பெயரையே வைத்தேன். லத்தீன் வாலோடு சேர்த்து, முனிரத்தினமி. பிடித்தவருக்கு அதைக்கூடச் செய்யவில்லையென்றால் எப்படி? ஒரு வாரம் அவர் தரையில் நடக்கவில்லை. மூத்த மகள் கல்யாணப் பத்திரிகையில் "குளவி முனிரத்தினம்" என்றே அச்சடித்தார். அதற்குப் பிறகு நான் வேறு பல பூச்சிகளுக்குப் பெயர் வைத்தாயிற்று. ஆனால் என் பெயரை யார் சொன்னாலும் முதலில் சொல்வது அந்தக் குளவியைத்தான்.

இப்போது ஸ்வீடன்காரர் கேட்பது இது. இந்தக் குளவிச் சாதியில் பெண்ணுக்கு மீசையில், அதாவது தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் உணர்கொம்பில், பன்னிரண்டு கணு, வயிற்றில் ஆறு வளையம். ஆணுக்குப் பதின்மூன்று கணு, ஏழு வளையம். இதில் விலக்கே கிடையாது. என் கட்டுரையில் மீசைக்குப் பன்னிரண்டு என்றும் வயிற்றுக்கு ஏழு என்றும் இருக்கிறது. "மேடம் தயவுசெய்து இன்னொரு முறை எண்ணிப் பார்க்க முடியுமா?"

எவ்வளவு மரியாதை! அந்த மரியாதைதான் எரிச்சலாக இருக்கிறது.

கட்டுரையை முடித்த நாளில் எனக்குக் காய்ச்சல். உதிர்ந்த காலையும் இறக்கையையும் கோந்து வைத்து ஒட்டுவதெல்லாம் முனிரத்தினத்தின் வேலை. எதுவும் நடந்திருக்கலாம்.

அக்டோபர் 10

எண்ணினேன். பன்னிரண்டு. ஏழு. மத்தியானம் மறுபடியும் எண்ணினேன். பன்னிரண்டு. ஏழு.

அக்டோபர் 13

ஸ்வீடன்காரர் டைரக்டருக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கிறார். டைரக்டர் சந்தானகோபால் கூப்பிட்டு அனுப்பினார். திட்டுவார் என்று போனேன். மனுஷர் நாற்காலியை விட்டே எழுந்து நின்றார்.

"மிஸ் ஜேக்கப், இரண்டாவது பக்கம் படிச்சீங்களா? அவரே சொல்றார் பாருங்க. லட்சத்துல ஒண்ணு இப்படிப் பிறக்குமாம். தலை பெண்ணு, உடம்பு ஆணு. அர்த்தநாரி!"

"அவர் அதைக் கேள்வியாத்தான் கேட்டிருக்கார் சார்."

"நாம பதிலாச் சொல்லுவோம். அர்த்தநாரிக் குளவி! பேப்பர்காரன் நான் முந்தி நீ முந்தின்னு வருவான். மார்ச்சோட நான் ரிட்டயர் ஆறேன், தெரியுமில்லையா? ட்ரஸ்டுக்கு உங்க பேரைத்தான் எழுதி அனுப்பறதா இருக்கேன். ஒரு மியூசியத்துக்குப் பொம்மனாட்டி டைரக்டர், இந்த ஊருக்கே புதுசு. அந்த நேரத்துல இப்படி ஒரு அதிர்ஷ்டம்."

பூச்சியையே ஸ்வீடனுக்கு அனுப்பிவைக்கலாமா என்று கேட்டேன். "ஐயையோ, வழியில உடைஞ்சா? படம் வரைஞ்சு அனுப்புங்க போதும்" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 14

உட்கார முடியவில்லை. முப்பத்தொன்றாம் பெட்டியில் இருக்கும் வண்டுகளை முப்பத்திரண்டுக்கு மாற்றினேன். மத்தியானம் திரும்ப முப்பத்தொன்றுக்கே மாற்றினேன். முனிரத்தினம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் எழுந்து இறங்கிவிட்டேன். "செத்த காலேஜ்ல ஏறி அடுத்த ஸ்டாப்லயே எறங்கறதுக்கு இன்னாத்துக்கும்மா பஸ்ஸு?" என்றான் கண்டக்டர். மியூசியத்துக்கு இந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் செத்த காலேஜ். வேப்பேரி வீடு வரை நடந்தேன். செருப்பு வார் அறுந்துவிட்டது.

எஸ்தர் அக்கா சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவளுக்கு மிச்சமிருக்கும் ஒரே மாணவி நான்.

"ஏட்டி, சோத்தைப் பெசைஞ்சிக்கிட்டே இருக்கியே, உள்ள போவுதா? எவனாவது லெட்டர் கிட்டர் போட்டிருக்கானா?"

"ஆமா. ஸ்வீடன்காரன்."

"போட்டி அங்கிட்டு! நாப்பத்தஞ்சு வயசுல ஒனக்குக் கேலி வேற." சிரித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "என்னமோ இருக்கு. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாவ?"

அக்காவுக்கு எல்லாப் பழமொழியும் சரியாக எனக்கென்றே வந்து அமைகிறது.

அக்டோபர் 17

டைரக்டர் கடிதத்தை டைப் அடித்தே கொண்டுவந்துவிட்டார். "மறுபடியும் கவனமாக எண்ணினோம். பாதி ஆண், பாதி பெண் என்பதே எங்கள் முடிவு." நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு.

இன்னொரு பூச்சி கிடைத்தால் உறுதியாகச் சொல்லலாம், ஏலகிரிக்கு ஒரு நடை போய்வருகிறேன் என்றேன். மாதக் கடைசிக்குள் கடிதம் போயாக வேண்டும் என்றார்.

கிடைக்கும். மஞ்சள் முகமும் கறுத்த வயிறும் உள்ள குளவி ஒன்று மலைமேல் நிச்சயம் இருக்கும். ஏன் இருக்கக் கூடாது? கடவுள் படைத்ததில் நமக்குத் தெரிந்தது எவ்வளவு?

அக்டோபர் 21. ஏலகிரி

நேற்று ரயிலில் ஜோலார்பேட்டை. இன்று காலை அடிவாரத்திலிருந்து நடை. வலை, புட்டி, அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் முனிரத்தினம் தூக்கிக்கொண்டார். பாதி மலையில் மூச்சு வாங்கி நான் உட்கார்ந்தபோது, "பன்னெண்டு வருசத்துக்கு மின்னாடி நீங்க என்னைய விட்டுட்டு ஏறினீங்கம்மா" என்றார். ஃபாரஸ்ட் பங்களாவில் ஓட்டை வழியாக ஒழுகுகிறது. பாலில்லாத காபி.

அக்டோபர் 22

உண்ணிச்செடிப் புதர்களருகே நாள் முழுக்க நின்றோம். அறுபத்து மூன்று குளவிகள். எல்லாம் முன்பே பெயருள்ளவை. மஞ்சள் முகம் ஒன்றுகூட இல்லை. கழுத்தெல்லாம் வெயிலில் வெந்துவிட்டது.

அக்டோபர் 23

காலையில் ஓடைப் பக்கத்துப் புதரில் ஒரு ஜோடி என் வலையில் விழுந்தது. இரண்டும் இணைந்தபடியே விழுந்தன. பெண், எவருக்கும் தெரிந்த சாதாரண ஓடைக்குளவி. எண்பது வருடத்துக்கு முன்பே ஒரு வெள்ளைக்காரர் பெயர் வைத்தது. ஆணை அவர் பார்த்ததில்லை. ஆணின் வயிற்றைப் பார்த்தேன். அதே கறுப்பு, அதே நுனி மினுமினுப்பு. முகமும் கறுப்பு.

பூச்சியைக் கொல்லும் சயனைடு புட்டிக்குள் மாற்றும்போது கை நழுவிவிட்டது. இரண்டும் பறந்துவிட்டன. காற்று பலம்.

முனிரத்தினம் பக்கத்தில்தான் நின்றார். பீடி பற்றவைத்துக்கொண்டு ஓடைப் பக்கம் போய்விட்டார். மத்தியானத்துக்கு மேல்தான் திரும்பினார்.

அக்டோபர் 25

ஊருக்கு வந்தாயிற்று. தலைவலி.

அக்டோபர் 28

நாற்பதாம் பெட்டியில் புழு. வண்ணத்துப்பூச்சிகள் மூன்று பொடியாகிவிட்டன. பெட்டியின் மூடியைச் சரியாக மூடாமல் விட்டது நான்தான். இப்படி ஒருநாளும் செய்ததில்லை.

அக்டோபர் 30

டைரக்டரிடம் பாதி உண்மையைச் சொன்னேன். தலையை யாரோ ஒட்டியிருக்கலாம், உடைந்து விழுந்தபோது வேறு பூச்சியின் தலை மாறிப் போயிருக்கலாம் என்றேன். 'யாரோ' என்றுதான் சொன்னேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒட்டுறதெல்லாம் அட்டெண்டர் வேலைதானே?"

"ஆமா சார்."

"அப்போ நாம அர்த்தநாரின்னே எழுதுவோம். பின்னால எப்பவாவது வெளிய வந்துதுன்னா, அட்டெண்டர் தெரியாம ஒட்டிட்டான்னு ஒரு வரி எழுதிட்டாப் போச்சு. உங்க பேருக்கு ஒண்ணும் வராது. அவனும் இன்னும் மூணு வருஷத்துல ரிட்டயர் ஆயிடுவான்."

நான் 'கூடாது' என்று சொல்லவில்லை. யோசிக்கிறேன் சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கதவுக்குப் பக்கத்தில் முனிரத்தினம் டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். டீ ஆறிப்போயிருந்தது.

அக்டோபர் 31

முனிரத்தினம் இன்று லீவு.

நவம்பர் 1

இன்றும் வரவில்லை. பதினாறு கிண்ணம். அந்துருண்டை. லேபிள்.

நவம்பர் 3. திங்கள்

வந்துவிட்டார். தீபாவளி வருகிறதே, மகளுக்குச் சேலை எடுக்கப் போனதாகச் சொன்னார். பதினோரு மணி இருக்கும், வேறு யாரும் இல்லாதபோது என் மேசைக்கு எதிரே வந்து நின்றார். காக்கிச் சட்டைப் பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து வைத்தார். உள்ளே பஞ்சுமேல் ஒரு ஜோடி. ஓடைக்குளவி. பெண்ணும் ஆணும்.

"உங்க கை நழுவின அன்னிக்கே புட்ச்சிட்டேம்மா. அதே ஓடைதான்."

"ஏன் அப்பவே தரலை?"

"நீங்க கேப்பீங்கோன்னு பாத்தேன்." புட்டியை என் பக்கம் நகர்த்தினார். "எண்ணிப் பாத்துட்டேம்மா, லென்ஸு வெச்சி. ஆம்பளைக்கு மீசைல பதிமூணு, வயித்துல ஏழு. மூஞ்சி கறுப்பு. நம்ம சேப்பு லேபிள் பூச்சிக்குக் கீற அதே ஒடம்பு. அதுக்குத் தலை மட்டுந்தான் வேற."

"முனிரத்தினம், இது உங்க பேர் வெச்ச பூச்சி. உங்களுக்குப் புரியுதா? இந்தப் புட்டியை நான் பார்த்தேன்னு வெச்சா, அப்புறம் அந்தப் பேரே கிடையாது."

"தெரியாமயா கொணாந்தேன்?" ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பத்தொன்பது வருடத்தில் என் எதிரே அவர் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. "அந்த அறைல டைரக்டரு சொன்னத கேட்டேம்மா. அட்டெண்டரு ஒட்டினான்னு எழுதணும்னா எழுதிக்கோங்க. எனக்குக் கோவமில்ல. ஆனா அர்த்தநாரின்னு எழுதாதீங்கோ. அது பொய்யி. அந்தப் பொய்யிக்கு எம்பேரு வெச்சா மாரி ஆயிடும்."

புட்டியின் மூடியைத் திருகி இறுக்கினேன்.

"இன்னொண்ணு சொல்லட்டா? சொதந்திரம் வந்த வருசம் எனக்கு ஒரு நாளு மண்டைய இடி. நீங்க இல்ல. உங்க இழுப்பறைலேந்து தைல டப்பாவ எட்த்தேன். தொறந்தா தைலம் இல்ல. பஞ்சுல ஒரு தலை. கறுத்த மூஞ்சி."

"அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் கல்யாணப் பத்திரிகைல போட்டீங்களா?"

தலையைக் குனிந்துகொண்டார். "ஆசதாம்மா. எங்க வகைல யாருக்கு இந்த மாரி புஸ்தகத்துல பேரு வருது?"

நவம்பர் 4

அக்டோபர் 9ஆம் தேதி இந்த நோட்டில் எனக்குக் காய்ச்சல் என்று எழுதியிருக்கிறேன். காய்ச்சல் இல்லை. அக்டோபர் 23ஆம் தேதி கை நழுவியது என்று எழுதியிருக்கிறேன். நழுவவில்லை. நான்தான் வலையைத் திறந்துவிட்டேன். இரண்டு வரிகளையும் அடிக்க மாட்டேன். கீழே இதைக் குத்துகிறேன்.

நடந்தது இதுதான். 1946 மார்ச் 11. மியூசியத்தின் இதழ் மறுநாள் அச்சுக்குப் போகிறது. இந்த இதழில் வராவிட்டால் அடுத்த வருடம்தான். மீன் பிரிவு சபாபதி காலையில்கூட, "என்னம்மா, குளவி பறந்துடுச்சா?" என்று கேலி செய்துவிட்டுப் போயிருந்தார். கடைசியாக ஒரு முறை பார்க்கலாமென்று பெட்டியைத் திறந்து லென்ஸோடு குனிந்தேன். அந்துருண்டை நெடி ஏறித் தும்மினேன். குளவியின் தலை கழன்று விழுந்துவிட்டது. பெட்டியின் அடியில், உதிர்ந்த கால்களுக்கும் இறக்கைகளுக்கும் நடுவில், இரண்டு தலைகள் கிடந்தன. ஒன்று கறுப்பு. ஒன்று மஞ்சள்.

பூச்சியை அதுவரை ஆற அமரப் பார்க்கவே நேரமில்லை, எது அதன் தலை என்று தெரியவில்லை என்று பன்னிரண்டு வருடமாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அதுவும் பொய். பக்கத்து ஊசியில் நீலகிரிக் குளவி ஒன்று தலையில்லாமல் நின்றதை நான் பார்த்தேன். மஞ்சள் தலை அதனுடையது. மஞ்சள் தலையை எடுத்து ஒட்டினேன். ஒட்டியதும் அது எவ்வளவு அழகாக இருந்தது! யாரும் பார்த்திராத குளவி. அதைப் பார்த்து உட்கார்ந்து எண்ணினேன், வரைந்தேன். ராத்திரிக்குள் கட்டுரையை முடித்தேன். எண்ணிக்கையை மட்டும் மாற்றி எழுதத் தெரியவில்லை. ஏழு என்பதை ஆறு என்று எழுதியிருந்தால் இன்று ஸ்வீடன்காரருக்குச் சந்தேகமே வந்திருக்காது.

கறுத்த தலையை எறியவும் மனம் வரவில்லை. பூச்சிக்காரியால் எதையும் எறிய முடியாது. தைல டப்பாவில் போட்டு வைத்தேன்.

இன்று காலை முனிரத்தினம் டீ போடும் அடுப்பில் கெண்டியை ஏற்றினார். ஆவியில் அரை நிமிஷம் பிடித்தேன். கோந்து இளகிவிட்டது. ஊசி முனையால் தொட்டதும் மஞ்சள் தலை தானாக வந்தது. பன்னிரண்டு வருடம், அரை நிமிஷம். கறுத்த தலையை எடுத்துக் கணுக்களை எண்ணினேன். முனிரத்தினம் லென்ஸைப் பிடித்துக்கொண்டு கூடவே உரக்க எண்ணினார். பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு.

கழுத்தில் வைத்தேன். சரியாகப் பொருந்தியது. பெண் குளவியோடு புட்டியில் இருந்த ஆணும் இதுவும் ஒன்றே. என் குளவி என்று ஒன்று இல்லவே இல்லை.

சிவப்பு லேபிளைக் கழற்றவில்லை. அதற்குக் கீழே ஒரு புது சீட்டு எழுதிக் குத்தினேன். "முன்பு இருந்த தலை வேறு பூச்சியுடையது. ஒட்டியது சு. ஜேக்கப், 11.3.1946. பிரித்தது அதே ஆள், 4.11.1958."

முனிரத்தினம் முழுவதையும் எழுத்துக் கூட்டிப் படித்தார். "கையெய்த்து நல்லாகீதும்மா" என்றார். அழுதுவிட்டேன்.

நவம்பர் 5

ஸ்வீடனுக்குக் கடிதம் போட்டேன். குளவியை இரண்டு தலைகளோடும் பஞ்சில் பொதித்து அனுப்பினேன்.

டைரக்டரிடம் போய்ச் சொன்னேன். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. "உங்களை யார் கேட்டா மிஸ் ஜேக்கப்?" என்று மெதுவாகக் கேட்டார். ஒருவர் கேட்டார் சார் என்றேன். புரியவில்லை அவருக்கு. "உங்க பேரை இனிமே நான் எப்படி எழுதி அனுப்பறது?" என்றார்.

அக்காவிடமும் சொன்னேன். "கர்த்தர் பெரியவர்" என்று சொல்லிவிட்டு, "மீன் பிரிவுக்காரன் குதிப்பானே!" என்று உடனே அடுத்த கவலைக்குப் போனாள்.

நவம்பர் 19

மீன் பிரிவுக்காரர் குதிக்கவில்லை. சந்தித்தபோது பார்வையைத் தாழ்த்திக்கொண்டு போனார். குதித்திருக்கலாம்.

டிசம்பர் 12

ட்ரஸ்டுக்குப் போன பெயர் சபாபதியுடையது. வருத்தம்தான். இல்லையென்று சொன்னால் இன்னொரு சீட்டு குத்த வேண்டிவரும்.

டிசம்பர் 29

ஸ்வீடனிலிருந்து தடித்த உறை. குளவி பத்திரமாகத் திரும்பிவிட்டது. கூடவே அச்சுக்குப் போகும் புத்தகத்தின் ஒரு தாள், திருத்தம் பார்ப்பதற்காக. ஹால்ஸ்ட்ரோம் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறார். "எண்ணியதை எண்ணியபடியே அச்சிட்டிருந்தீர்கள், அதனால்தான் என்னால் கேட்க முடிந்தது."

முனிரத்தினத்தைக் கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எம்பேர தூக்கிட்டாங்களாம்மா?"

"தூக்க முடியாது. ஒரு தடவை அச்சில வந்த பேர், தப்பானாலும் பட்டியல்ல இருந்தே ஆகணும். சரியான பேருக்குக் கீழே, சின்ன எழுத்துல. அதுதான் விதி."

"எம்மாம் நாளைக்கி?"

"புஸ்தகம் இருக்கிற வரைக்கும். அதுக்கப்புறம் வர்ற புஸ்தகத்துலயும்."

தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். மேலே ஓடைக்குளவியின் பெயர், தடித்த எழுத்தில், அந்தப் பழைய வெள்ளைக்காரரின் பெயரோடு. கீழே பொடி எழுத்தில் ஒரு வரி. என் விரலை வைத்துக் காட்டினேன்.

"இது இன்னா?"

"முனிரத்தினமி. உங்க பேர்."

"இது?"

"ஜேக்கப், 1946. என் பேர்."

"அதுக்கப்புறம்?"

"தலை வேறு பூச்சியுடையது, ஒட்டியவர் ஆசிரியர்."

அந்த வரிமேல் தன் விரலையும் வைத்தார். "உங்க பேரும் எம்பேரும் எப்பவும் இந்தத் தப்போட சேந்தே இருக்குமா?"

"ஆமா. பிரிக்க முடியாது."

"ஏலகிரில புட்ச்சது நான்னு எங்கனா போட்டுகீதா?"

அடுத்த வரியில் இருந்தது. ஏலகிரி, 1946, பிடித்தவர் முனிரத்தினம். ஏலகிரி, 1958, ஒரு ஜோடி, பிடித்தவர் முனிரத்தினம். படித்துச் சொன்னேன்.

"அது தப்பில்லியே?"

"அது ரெண்டும் தப்பில்லை."

"அப்ப சரி" என்றார். சின்ன மகளுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறாராம். பத்திரிகையில் இந்தத் தடவை வெறும் முனிரத்தினம் என்றே போடப்போவதாகச் சொன்னார்.

அப்புறம் கெண்டியை எடுத்துக்கொண்டு போய் அலமாரிக் கால்களுக்கு ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். வழக்கமாக நான் எழுந்துபோய்ப் பாதியை வாங்கிக்கொள்வேன். இன்று கைக்கு வேலை தேடத் தோன்றவில்லை. பதினாறு கிண்ணமும் நிரம்பும் வரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.